மாடியேறாத உண்மை: ஜெனரல் மோட்டார்ஸின் பெயரும் வரலாறும்

1931 முதல் 2007 வரை 77 ஆண்டுகள், உலகில் மிக அதிகமான வாகனங்களை விற்ற நிறுவனம் என்ற இடத்தைத் தன்னிடமே வைத்திருந்த அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், அந்த இடத்தை ஜப்பானின் டொயோட்டாவிடம் இழந்த மறு ஆண்டே, 2009 ஜூன் 1 அன்று, நியூயார்க்கில் திவால் மனு தாக்கல் செய்தது. 2008-இன் உலகப் பொருளாதார நெருக்கடி, பெட்ரோல் விலையேற்றம், ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கான மருத்துவச் செலவு ஆகியவை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவை மெய்யான காரணங்களே. ஆயினும் அந்நிறுவனத்தின் நூறாண்டு வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவருக்கு, இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு நோய் அதற்குள் இருந்தது புலப்படும். ஆலையில் வேலை செய்பவருக்கும் வரைபடம் போடும் பொறியாளருக்கும் தெரிந்திருந்த கெட்ட செய்தி, முடிவெடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேராமல் நடுவழியிலேயே கரைந்துபோகும்படி அதன் நிர்வாகம் அமைந்திருந்தது. அதை உலகின் முதலிடத்துக்கு உயர்த்தியதும் அதே நிர்வாக முறைதான் என்பதால், இந்த வரலாறு ஒரு கம்பெனியின் லாப நட்டக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை.

நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் டுராண்ட் கார் செய்யத் தெரிந்தவர் அல்லர். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் குதிரை வண்டிகளைப் பெரிய அளவில் செய்து விற்றவர். 1904-இல் தள்ளாடிக்கொண்டிருந்த பியூக் கார் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று அதைத் தூக்கி நிறுத்திய அவர், 1908 செப்டம்பர் 16 அன்று வெறும் 2,000 டாலர் மூலதனத்தில் ஜெனரல் மோட்டார்ஸைப் பதிவு செய்தார். தானே எதையும் உற்பத்தி செய்யாமல், உற்பத்தி செய்யும் பல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி அவற்றை ஒரே குடையின்கீழ் ஆள்வது அதன் நோக்கம். ஓல்ட்ஸ்மொபீல், காடிலாக், பிற்காலத்தில் பான்டியாக் என்று பெயர் மாறிய ஓக்லண்ட் எனப் பல பெயர்கள் மிகக் குறுகிய காலத்தில் அதற்குள் வந்துசேர்ந்தன. 1909-இல் ஃபோர்டு நிறுவனத்தையே வாங்க டுராண்ட் பேசினார். ஹென்றி ஃபோர்டு 80 லட்சம் டாலர் கேட்டதாலும், அதற்கு வேண்டிய கடனைத் தர வங்கிகள் மறுத்ததாலும் அந்தப் பேச்சு நின்றுபோனது. வங்கியாளர்களின் அந்த ஒரு மறுப்பு நேர்மாறாக அமைந்திருந்தால் இருபதாம் நூற்றாண்டின் தொழில் வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

வாங்கும் வேகம் வரவை மிஞ்சியதால் 1910-இலேயே நிறுவனம் வங்கிகளின் கைக்குப் போனது. வெளியேறிய டுராண்ட், பந்தயக் கார் ஓட்டுநரான லூயி செவர்லேயுடன் சேர்ந்து 1911-இல் செவர்லே நிறுவனத்தைத் தொடங்கி, அதன் வெற்றியைக் கொண்டே பங்குகளைத் திரட்டி, 1916-இல் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பக் கைப்பற்றினார். 1920-இல் பங்குச் சந்தை சரிந்தபோது மறுபடியும் எல்லாவற்றையும் இழந்து, இம்முறை நிரந்தரமாக வெளியேறினார். அவருடைய பங்குகள் வெடிமருந்து, இரசாயனத் தொழிலில் பெயர் பெற்ற டுபான்ட் குடும்பத்தாரிடமும் மார்கன் வங்கியிடமும் சென்றன. 1930-களில் சொந்தமாகவும் திவாலான டுராண்ட், கடைசிக் காலத்தில் ஃபிளின்ட் நகரில் பந்துருட்டு விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்தி, 1947-இல் இறந்தார்.

டுராண்டிடம் கனவு இருந்தது, கணக்கு இல்லை. அந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் 1923-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஆல்ஃப்ரெட் ஸ்லோன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் படித்து, பேரிங் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்திய அனுபவம் உள்ள அவர், ஜெனரல் மோட்டார்ஸில் கண்டது ஒன்றோடொன்று போட்டியிடும் கார்களையும், ஒருவர் செலவு மற்றவருக்குத் தெரியாத பிரிவுகளையும்தான். அவர் வகுத்த ஏற்பாட்டில், ஒவ்வொரு கார் பிரிவும் தன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் விற்பனையையும் தானே நடத்தலாம். ஆனால் முதலீடு, கையிருப்பு, லாப விகிதம் ஆகியவற்றின் கணக்கை ஒரே முறையில் தலைமையகத்துக்குக் காட்டியாக வேண்டும். போட்ட முதலுக்கு எவ்வளவு வருமானம் கிடைக்கிறது என்ற ஒற்றை அளவுகோலால் எல்லாப் பிரிவுகளும் அளக்கப்பட்டன. இன்று பெருநிறுவனங்கள் பலவும் கையாளும் பிரிவு நிர்வாக முறைக்கு இதுவே முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுகிறது. மேலாண்மை அறிஞர் பீட்டர் ட்ரக்கர் இந்நிறுவனத்துக்குள் இருந்து ஆராய்ந்து 1946-இல் எழுதிய நூல், மேலாண்மை என்பதைத் தனித் துறையாக நிலைநிறுத்திய நூல்களுள் ஒன்று.

ஸ்லோனின் மற்றொரு ஏற்பாடு சாதாரண மக்களின் வாழ்க்கைக்குள்ளேயே புகுந்தது. அப்போது அமெரிக்கச் சந்தையில் பாதிக்கு மேல் ஃபோர்டின் மாடல் டி கார் பிடித்திருந்தது. அதன் விலை 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விலையோடு மோதுவது வீண் என்று உணர்ந்த ஸ்லோன், செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், காடிலாக் என்று விலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து படிகளை அமைத்தார். முதல் வேலையில் சேர்ந்த இளைஞன் செவர்லேயில் தொடங்கி, சம்பளம் உயர உயர ஒவ்வொரு படியாக ஏறி, வாழ்வில் வென்றதன் அடையாளமாகக் காடிலாக்கில் வந்து நிற்க வேண்டும். எந்தப் படியிலும் அவன் வேறு கம்பெனியின் வாசலை மிதித்துவிடக் கூடாது. கையில் முழுப் பணம் இல்லாதவருக்காகத் தவணைக் கடன் தரும் துணை நிறுவனம் 1919-இலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஃபோர்டோ கடனில் வாங்குவதை நெடுங்காலம் வெறுத்து ஒதுக்கினார். டுபான்ட் நிறுவனம் உருவாக்கிய விரைவில் உலரும் வண்ணப்பூச்சு வந்தபோது, பல வாரம் பிடித்த வண்ணம் பூசும் வேலை மிகவும் சுருங்கி, பலவிதப் பளபளப்பான நிறங்களில் கார்கள் வெளிவந்தன. 1927-இல் ஹார்லி ஏர்லின் தலைமையில் கார்களின் தோற்றத்தை வடிவமைப்பதற்கென்றே ஒரு பிரிவு அமைந்தது. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தைச் சற்றே மாற்றி, நேற்று வாங்கியதைப் பழையதாகக் காட்டும் வழக்கம் அங்கிருந்துதான் வேர்விட்டது. அதே 1927-இல் ஃபோர்டு மாடல் டி உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது.

இந்த வெற்றியின் காலத்திலேயே ஒரு பெருந்தவறும் விதைக்கப்பட்டது. நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய சார்லஸ் கெட்டரிங், கைப்பிடியைச் சுழற்றாமலே காரைக் கிளப்பும் மின்தொடக்கியை 1912-இன் காடிலாக் காரில் கொண்டுவந்தவர்; கைப்பிடி திரும்ப உதைத்துக் கை முறிந்தவர்கள் ஏராளமாக இருந்த காலத்தில் அது பெரும் நன்மை. அவரிடம் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சினுக்குள் பெட்ரோல் உரிய கணத்துக்கு முன்பே வெடித்து உண்டாக்கும் தட்டலைத் தடுக்க, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தை 1921 டிசம்பரில் கண்டறிந்தார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஆனால் அந்தப் பொருள் ‘எத்தில்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. விளம்பரத்தில் ஈயம் என்ற சொல் இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் அதைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தப்பிரமை பிடித்து, ஐந்து பேர் இறந்தனர். சில காலம் நிறுத்திவைக்கப்பட்ட விற்பனை பிறகு தொடர்ந்தது. உலகெங்கும் பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றிய அந்தப் பெட்ரோல், இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலும், கடைசி நாடாக அல்ஜீரியாவில் 2021-ஆம் ஆண்டிலும்தான் நிறுத்தப்பட்டது. கார் தொழிலின் நன்மைகளை எழுதும் யாரும் இந்த நூற்றாண்டுக் கடனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

தொழிலாளர்களின் குரலும் அக்காலத்தில் மேலே எட்டவில்லை. வேகத்தை மேலதிகாரி கூட்டக் கூட்ட, நகரும் பட்டையின் முன் நின்று இயந்திரம்போல் உழைத்த ஃபிளின்ட் நகரத் தொழிலாளர்கள், 1936 டிசம்பர் 30 அன்று ஒரு புதிய போர்முறையைக் கையிலெடுத்தனர். வாசலில் நின்று மறியல் செய்தால் ஆள் மாற்றி ஆலையை ஓட்டிவிடுவார்கள் என்பதால், ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியேற மறுத்தனர். தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் நன்கறிந்த உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தின் மிகப் பெரிய தொடக்ககால நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. மிச்சிகனின் கடுங்குளிரில் நிறுவனம் வெப்பமூட்டும் வசதியை நிறுத்தியது. ஜனவரி 11 அன்று போலீசார் கண்ணீர்ப்புகை வீசி, துப்பாக்கியால் சுட்டபோது, தொழிலாளர்கள் இரும்புத் துண்டுகளை எறிந்தும் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியும் அவர்களைத் துரத்தினர். பெண்கள் தனிப்படை அமைத்து ஆலைக்கு வெளியே காவல் நின்றனர். மாநில ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை வரவழைத்தும், தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தது இந்தப் போராட்டத்தின் போக்கையே மாற்றியது. 44 நாட்களுக்குப் பிறகு, 1937 பிப்ரவரி 11 அன்று, ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தை நிறுவனம் அங்கீகரித்தது. அமெரிக்கக் கார் தொழிலாளி சொந்த வீடும் ஓய்வூதியமும் கொண்ட நடுத்தர வர்க்கத்தவன் ஆனதற்கு ஸ்லோனின் திட்டங்கள் எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு அந்த ஆலைக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் உறுதியும் காரணம்.

இரண்டாம் உலகப் போரில் கார் உற்பத்தியை முற்றிலும் நிறுத்திவிட்டு, 1,200 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள விமானங்களையும் டாங்கிகளையும் எஞ்சின்களையும் அந்நிறுவனம் செய்து கொடுத்தது. மறுபுறம், 1929-இல் அது வாங்கிய ஜெர்மனியின் ஓப்பல் நிறுவனம் ஹிட்லரின் படைக்கு லாரிகளைச் செய்து கொடுத்தது. போர் முற்றிய காலத்தில் ஓப்பலின் அன்றாட நிர்வாகம் அமெரிக்கர்களிடம் இல்லை என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்களுக்கிருந்த பொறுப்பை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் அதன் பொற்காலம். அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதி அதனுடையவை. 1955-இல் ஒரே ஆண்டில் 100 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டிய முதல் அமெரிக்க நிறுவனமும் அதுவே. 1953-இல் பாதுகாப்பு அமைச்சராக நியமிக்கப்பட்ட அதன் தலைவர் சார்லஸ் வில்சனிடம், நாட்டுக்கும் கம்பெனிக்கும் நலன்கள் முரண்பட்டால் என்ன செய்வீர்கள் என்று செனட் குழு கேட்டபோது, நாட்டுக்கு நல்லது எதுவோ அது கம்பெனிக்கும் நல்லது, கம்பெனிக்கு நல்லது எதுவோ அது நாட்டுக்கும் நல்லது என்றே தாம் எண்ணிவந்ததாகச் சொன்னார். அந்தப் பதிலின் முதல் பாதி மறைந்து, இரண்டாம் பாதி மட்டும் ஊர் வாயில் நிலைத்துவிட்டது. வில்சனுக்கு அது அநியாயம்தான். ஆனால் மக்கள் அதை அப்படியே நம்பத் தயாராக இருந்தது, நிறுவனத்தின் மீது அன்றே படிந்திருந்த ஆணவப் பெயரைக் காட்டுகிறது.

அந்த ஆணவத்துக்கு முதல் அடி கோர்வேர் என்ற காரால் விழுந்தது. 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த அந்தச் சிறிய செவர்லே காருக்கு எஞ்சின் பின்புறம். பின்சக்கரங்களைத் தாங்கிய அச்சு, கடுமையான திருப்பத்தில் சக்கரத்தை உட்புறமாக மடங்கவைத்து, வண்டியைக் கட்டுப்பாடிழக்கச் செய்யக்கூடிய அமைப்பு உடையது. அதைக் குறைக்கும் உறுதிக்கம்பியை முன்புறத்தில் சேர்க்கலாம் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தும், செலவை எண்ணித் தொடக்க ஆண்டுகளில் அது சேர்க்கப்படவில்லை. 1965-இல் இளம் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர், கார் தொழிலின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தை இந்தக் காருக்கே ஒதுக்கினார். நூலை மறுத்து எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே அடங்கியிருக்கலாம். நிறுவனமோ தனியார் துப்பறிவாளர்களை ஏவி, நேடரின் சொந்த வாழ்க்கையைக் கிளறப் பார்த்தது. செய்தி வெளியானதும், 1966 மார்ச்சில் செனட் குழுவின் முன் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டில், வாகனங்களுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த சட்டம் நிறைவேறியது. நேடருக்குப் பின்னர் இழப்பீடாகக் கிடைத்த 4,25,000 டாலர் நுகர்வோர் இயக்கத்துக்கே பயன்பட்டது. 1972-இல் அரசு நடத்திய சோதனை, கோர்வேர் அக்காலத்தின் மற்ற கார்களைவிட மோசமானதன்று என்ற முடிவைத் தந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது அந்தக் காரைவிட, குறை சொன்னவனை வேவு பார்த்த செயல்தான் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

1970-களில் எண்ணெய் விலை ஏறிச் சிறிய ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தபோது, ஸ்லோன் கட்டிய படிவரிசை உள்ளிருந்தே சிதையத் தொடங்கியது. செலவைக் குறைக்க எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே உடலையும் ஒரே எஞ்சினையும் பொதுவாக்கினர். ஓல்ட்ஸ்மொபீல் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள், 1977-இல் மூடியைத் திறந்து பார்த்து உள்ளே செவர்லே எஞ்சின் இருப்பதைக் கண்டு நீதிமன்றம் சென்றனர். 1982-இன் காடிலாக் சிமரோன், சில ஆயிரம் டாலர் கூடுதல் விலையும் தோல் இருக்கைகளும் பூண்ட செவர்லே காவலியர்தான் என்பது சாதாரணக் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டு தலைமுறைகள் பணம் சேர்த்து எட்டிப் பிடித்த பெயரை, கணக்குப் புத்தகத்தின் ஒரு வரிக்காக விற்ற செயல் இது. ஒரு பெயரை உருவாக்குவதற்கு ஆன செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை என்பதால் அதை அழிப்பதன் நட்டமும் கணக்கில் வருவதில்லை.

திருந்துவதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்லவும் இடமில்லை. கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் 1982-இல் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, ஒழுங்கீனத்துக்கும் வேலைக்கு வராமைக்கும் பெயர் போனது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து அதே ஆலை, பெரும்பாலும் அதே தொழிலாளர்களைக் கொண்டு, மீண்டும் திறக்கப்பட்டது. வேலையில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலிருந்த கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற டொயோட்டாவின் விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில் வரிசையை நிறுத்துவது கிட்டத்தட்டக் குற்றம்; குறையோடு போகும் கார்களைக் கடைசியில் தனியே நிறுத்திச் சரிசெய்வார்கள். புதிய ஏற்பாட்டில், சில ஆண்டுகளுக்கு முன் உதவாக்கரைகள் என்று நிறுவனமே தள்ளிவைத்த தொழிலாளர்கள், ஜப்பானிய ஆலைகளுக்கு நிகரான தரத்தில் கார்களைச் செய்தனர். அந்தப் பாடத்தை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல மேலாளர்கள் அனுப்பப்பட்டனர். ஆனால் கயிற்றை மட்டும் எடுத்துச் சென்று, அதை இழுத்தவனைக் கடிந்துகொள்ளும் பழக்கத்தை விடாத இடங்களில் அது பயன்படவில்லை. அந்த ஃபிரீமான்ட் ஆலையில்தான் இன்று டெஸ்லா தன் மின்கார்களைச் செய்கிறது. மின்காரைப் பொறுத்தும் ஜெனரல் மோட்டார்ஸ் முந்திக்கொண்டு பின்வாங்கியதே நடந்தது. 1996-இல் வந்த அதன் இ.வி.1 என்ற மின்கார், குத்தகைக்கு மட்டும் தரப்பட்டு, 1,117 கார்களோடு நிறுத்தப்பட்டது. ஓட்டியவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சியும், கார்கள் திரும்பப் பெறப்பட்டுப் பெரும்பாலானவை நசுக்கப்பட்டன.

2008 நவம்பரில் நிறுவனத் தலைவர் ரிக் வேகனர் அரசின் உதவி கேட்டு வாஷிங்டனுக்குத் தனி விமானத்தில் வந்து இறங்கியது நாடெங்கும் கோபத்தைக் கிளப்பியது. மறு ஆண்டு திவாலின்போது நிறுவனத்தின் சொத்து 8,200 கோடி டாலர், கடனும் பொறுப்புகளும் 17,280 கோடி டாலர். அமெரிக்க அரசு ஏறத்தாழ 5,000 கோடி டாலரைப் போட்டு, நல்ல ஆலைகளையும் பெயர்களையும் கொண்ட புதிய நிறுவனத்தை அமைத்து, மீதியைப் பழைய நிறுவனத்தின் தலையில் கட்டியது. பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் ஆகிய பெயர்கள் அப்போது முடிவுக்கு வந்தன. 2013 டிசம்பரில் அரசு தன் கடைசிப் பங்கை விற்றபோது, வரி செலுத்துவோருக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம். அதற்கு ஈடாக ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் அவற்றை நம்பிய ஊர்களும் பிழைத்தன என்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் செலவு நியாயமானதே.

ஆனால் திவால் நீதிமன்றத்தால் கடனைத்தான் தள்ளுபடி செய்ய முடிந்தது, பழக்கத்தை அல்ல. 2014 பிப்ரவரியில், செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களைப் பழுது நீக்கத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது. சாவி போடும் இடத்தில் உள்ள இக்னிஷன் சுவிட்ச் போதிய இறுக்கமின்றிச் செய்யப்பட்டிருந்ததால், சாவிக்கொத்தின் பாரத்தாலோ முழங்கால் பட்டதாலோ, ஓடும்போதே சாவி திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். அதோடு ஏர்பேக்குக்கும் மின்சாரம் நின்றுபோவதால், மோதும் வேளையில் அது விரியாது. சில டாலர்கூடப் பெறாத அந்தப் பொருளின் குறை, 2000-களின் தொடக்கத்திலேயே பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் 2006-இல் சத்தமின்றித் திருத்தப்பட்ட சுவிட்சுக்கு ஒப்புதல் தந்தபோதும், பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. ஆகவே பழைய கார்களிலும் புதிய கார்களிலும் இருப்பது ஒரே பொருள் என்று எண்ணிய விசாரணையாளர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பினர். மொத்தம் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 பேர் இறந்தது இந்தக் குறையால்தான் என்று இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது.

நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸின் அறிக்கை, எந்தத் தனி ஒருவரின் சதியையும் காட்டவில்லை. அதைவிடக் கவலைக்குரிய ஒன்றைக் காட்டியது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு, செய்யும் எண்ணமே இல்லாமல் எழுந்துபோவதற்கும், கைகளைக் குறுக்கே கட்டி இருபுறமும் விரல் நீட்டிப் பொறுப்பை அடுத்தவர் மேல் போடுவதற்கும் அங்கே செல்லப் பெயர்களே இருந்தன. குறை, ஆபத்து முதலிய சொற்களைத் தவிர்த்து எழுதும்படி ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்ததும் அரசு விசாரணையில் வெளிவந்தது. பிரிவுகளைப் பிரித்து, ஒவ்வொருவரையும் அவரவர் எண்களுக்கு மட்டும் பொறுப்பாக்கிய ஸ்லோனின் முறை, காலப்போக்கில் எதற்கும் எவரும் பொறுப்பில்லாத நிலையாகத் திரிந்துவிட்டதன் சான்று அந்த அறிக்கை. 2014 ஜனவரியில்தான் தலைமைக்கு வந்திருந்த மேரி பாரா, பான்டியாக் ஆலைத் தொழிலாளியின் மகள். 18 வயதில் பயிற்சி மாணவியாக அங்கே சேர்ந்தவர். உலகின் பெரிய கார் நிறுவனம் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண். அறிக்கையை வெளியிட்டு, 15 பேரை வேலையிலிருந்து நீக்கிய அவர், 2015-இல் 90 கோடி டாலரை அரசுக்குச் செலுத்தி வழக்கைத் தீர்த்தார். நிறுவனம் அதற்குப் பிறகு வெகுவாக மாறியிருக்கிறது என்றாலும், 2023-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதன் துணை நிறுவனமான க்ரூஸின் ஓட்டுநரில்லாக் கார், ஏற்கெனவே வேறொரு காரால் மோதப்பட்ட பெண்ணை இழுத்துச் சென்றபோது, அந்த விவரத்தை அரசுக்கான முதல் அறிக்கையில் க்ரூஸ் விட்டுவிட்டதைப் பார்க்கையில், பழைய நோய் முற்றிலும் நீங்கியதாகச் சொல்லத் துணிவு வரவில்லை.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1928-இலேயே பம்பாயில் பாகங்களை இணைத்துக் கார் உருவாக்கும் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் திறந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முந்தைய தலைமுறை நன்கறிந்த பெட்ஃபோர்டு லாரியும், இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவும், ஜெனரல் மோட்டார்ஸின் பிரிட்டிஷ் கிளையான வாக்ஸாலின் வழி வந்தவை. சுதந்திரத்துக்குப் பின் வெளியேறி, 1990-களில் திரும்பிவந்த நிறுவனத்துக்கு, வாடகை வண்டியாகத் தமிழகச் சாலைகளில் பரவலாக ஓடிய செவர்லே டவேரா பெயர் வாங்கித் தந்தது. 2013-இல், புகைச் சோதனையில் தேறுவதற்காக ஊழியர்களே முறைகேடு செய்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்கத் தலைமையகத்தின் உயர் அதிகாரி உட்படப் பலர் வேலை இழந்தனர். 2017-இன் இறுதியில் இந்தியாவில் கார் விற்பதையே அது நிறுத்திக்கொண்டது.

டவேரா திரும்ப அழைக்கப்பட்டபோது, குறையுள்ள வாகனத்தைத் திரும்ப அழைக்குமாறு கம்பெனியை வற்புறுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்கா 1966-இல் தொடங்கிய பாதையில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூலம்தான் அந்த அதிகாரம் இந்திய அரசுக்குக் கிடைத்தது. வாகனம் வைத்திருப்போர் தம் வண்டிக்குத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதேனும் வந்திருக்கிறதா என்று விற்பனையகத்தில் கேட்டறிவதும், ஓட்டும்போது கண்ட குறையை எழுத்து மூலம் பதிவு செய்வதும், அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடாமல் இருக்க அவசியமானவை.